செங்கை ஆழியானும் வன்னி மண்ணும்

வன்னிப் பாடசாலைகளிலே புவியியல் பயின்ற பலருக்குக் க. குணராசா என்ற பெயர் புதியதன்று. பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அவர் எழுதிய நூல்களைத் துணைக்கொண்டு, பருவக் காற்றையும் வரள் வலயத்தையும் மனனஞ் செய்தவர்கள் அவர்கள். அதே மாணவருட் பெரும்பாலோருக்குச் செங்கை ஆழியான் என்னும் நாவலாசிரியரைக் கேள்வியளவிலேதான் தெரியும். நீலவண்ணன் என்ற பெயரையோ அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இம்மூவரும் ஒருவரே என்று வகுப்பிலே சொல்ல நேரும்போது மாணவர் வியப்படைகிறார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் வியப்போடு நின்றுவிடுவது வாசகனுக்கு அழகாயிருக்கலாம், விமரிசகனுக்குப் போதாது.

2016 பெப்ரவரியில் அவர் காலமானபோது அவரைப் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் ஏறத்தாழ ஒரே சொல்லையே கையாண்டனர்: பல்துறை வல்லுநர். நாவல், சிறுகதை, நகைச்சுவை, வரலாறு, புவியியல், இலக்கிய வரலாறு, தொகுப்பு முயற்சி, நிருவாகம் என்று பட்டியல் நீண்டது. பட்டியலிலே பிழை இல்லை. எனினும் ஒரு மனிதன் எத்தனை துறைகளிற் கால் வைத்தான் என்பது அவனது உழைப்பின் அளவைக் காட்டுமேயன்றி, அவ்வுழைப்பின் பொருளைக் காட்டாது. இத்துறைகள் யாவற்றிலும் தொழிற்பட்ட பார்வை ஒன்றா, பலவா? ஒன்றாயின் அது எங்கிருந்து வந்தது? யாருக்குப் பயன்பட்டது? இவ்வினாக்களை வன்னி வாசகர் எழுப்புவதற்குத் தனி உரிமை உண்டு என்று கருதுகிறேன். ஏனெனில் அவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவராயினும், அரசாங்க அதிகாரியாக எங்கள் மண்ணுக்கு வந்தவர். வந்து, கண்டதை எழுதியவர்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1941 ஜனவரியிற் பிறந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்று, அறுபதுகளின் முற்பகுதியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றார். அக்காலப் பேராதனை வெறும் பட்டம் வழங்கும் இடமாக இருக்கவில்லை. கைலாசபதி விரிவுரையாளராக வந்து சேர்ந்த காலம் அது. 1954 இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை, பேச்சுவழக்கு என்பன பற்றி எழுப்பிய விவாதங்கள் உச்சநிலை எய்திய காலமும் அதுவே. செ. யோகநாதன் முதலிய மாணவ எழுத்தாளர்கள் தங்கள் சிறுகதைகளைத் தாங்களே நூலாக்கி வெளியிட்டனர். அந்தச் சூழலிலே குணராசாவும் எழுதத் தொடங்கினார். பின்னர் நிருவாக சேவையிற் சேர்ந்து காரியாதிகாரியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் வன்னியிற் கடமையாற்றினார். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பதிவாளராகவும், மாநகர ஆணையாளராகவும் பதவி வகித்தார். கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அவருடைய எழுத்துக்களை ஒருசேர நோக்குமிடத்து, முதலிலே புலப்படுவது புவியியலாளனின் கண். 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த ‘வாடைக்காற்று’ இதற்குத் தக்க சான்று. நெடுந்தீவுக்குப் பருவந்தோறும் வாடிகளமைத்து மீன்பிடிக்க வரும் தொழிலாளரின் வாழ்வும், அத்தீவுப் பெண்களோடு அவர்களுக்கு ஏற்படும் உறவும் அந்நாவலின் பொருள். அங்கே காற்று வெறும் பின்னணி அன்று. காற்று மாறினால் மீன் மாறுகிறது. மீன் மாறினால் மனிதர் இடம்பெயர்கின்றனர். மனிதர் பெயர்ந்தால் பழைய ஒழுங்கு குலைந்து காதலும் பகையும் விளைகின்றன. இயற்கைக்கும் உழைப்புக்கும் மனித உறவுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு எளிமையாகக் காட்டிய ஈழத்து நாவல்கள் சிலவே. 1978 இல் அது திரைப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் காதற்கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். நாவலை வாசித்தவர்கள் காற்றை நினைவில் வைத்திருப்பார்கள்.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு ஈழத்து எழுத்துக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டமை பலரும் அறிந்ததே. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டு, கிராமத்துக் கடைவரை கொண்டுசென்றது. செங்கை ஆழியான் அச்சந்தையை நன்கு பயன்படுத்திக்கொண்டவர். பெருவாரியான வாசகரைச் சென்றடைய வேண்டும் என்ற ஆசை அவரிடம் இறுதிவரை இருந்தது. ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என்ற நகைச்சுவை நாவல் அந்த ஆசையின் நல்ல பேறு. அவசர அவசரமாக முடிக்கப்பட்ட வேறு சில நாவல்கள் அதே ஆசையின் தீய பேறு. கதை விறுவிறுப்பாக ஓடவேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தின் மனத்தை அரைகுறையாக விட்டுவிடும் பழக்கம் அவரிடம் உண்டு. இதனை அவருடைய அன்பர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்; தயங்கவேண்டியதில்லை.

இனி நீலவண்ணன். 1977 ஆகஸ்டில் யாழ்ப்பாண நகரிலே பொலிசாரின் அட்டூழியம் நிகழ்ந்து சந்தையும் கடைகளும் எரிந்தபோது, ‘24 மணி நேரம்’ என்ற நூல் இப்பெயரில் வெளிவந்தது. 1981 இல் நகரம் மறுபடியும் எரிந்து, யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பலானதன் பின் ‘மீண்டும் யாழ்ப்பாணம் எரிகிறது’ வந்தது. இவை நாவல்களல்ல, ஆவணங்கள். எங்கே, எப்பொழுது, எது எரிந்தது என்ற விவரமே அவற்றின் உயிர். அரசாங்கத்திடம் சம்பளம் பெறும் ஒருவர், அதே அரசாங்கத்தின் காவற்படை செய்ததை எழுதுவதாயின் பெயரை மாற்றித்தான் எழுதமுடியும். புனைபெயர் இங்கே அலங்காரமன்று, கவசம். பிற்காலத்தில் எங்கள் தலைமுறை கண்ட அழிவுகளோடு ஒப்பிடுகையில் அவ்விரு நூல்களும் கூறும் அழிவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அழிவை எவ்வாறு பதிவுசெய்வது என்பதற்கு அவை முன்மாதிரிகள். புலம்பலை ஒதுக்கி, நேரத்தையும் இடத்தையும் முன்வைத்தமையே அவற்றின் வலிமை. கந்தோரிலே பயின்ற அறிக்கை நடை அந்த இரு நூல்களிலும் இலக்கியத்துக்கு உதவியது என்று துணிந்து சொல்லலாம்.

கந்தோர் நடை எல்லா இடத்திலும் உதவிற்றா என்பதை அறிய, 1977 இல் வெளிவந்த ‘காட்டாறு’ என்ற நாவலுக்கு வரவேண்டும். வன்னி வாசகனுக்கு இதுவே அவருடைய முதன்மையான நூல். வன்னிக் கிராமம் ஒன்றிலே ஏழை விவசாயிகளை அதிகாரிகளும் வணிகரும் பணம் படைத்தோரும் ஒருவரோடொருவர் கைகோத்துச் சுரண்டுவதையும், ஒடுக்கப்பட்டவர்களின் சினம் அடக்கமுடியாத வெள்ளமாகப் பெருகுவதையும் இந்நாவல் சித்திரிக்கிறது.

இதன் பெறுமதியை உணர்வதற்கு வன்னியின் காணிமுறையைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் முடிக்குரிய காணி அனுமதிப்பத்திரத்தின் பேரிற் குடியானவனுக்கு வழங்கப்பட்டது. இரணைமடு முதலிய குளங்களின்கீழ்ப் பரந்த குடியேற்றத் திட்டங்கள் இவ்வாறே உருவாயின. காணி யாருக்கு என்று தீர்மானிப்பது காணிக் கச்சேரி. குறித்த நாளில் மனுதாரர் திரண்டு நிற்பர். அதிகாரி மேசையில் அமர்ந்திருப்பார். காணி இல்லாதவனா, மணமானவனா, பிள்ளைகள் எத்தனை, கமத்தில் அனுபவம் உண்டா என்று கேட்கப்படும். விதானையார் தலையசைத்தால் ஒரு குடும்பத்தின் தலைவிதி அவ்விடத்திலேயே எழுதப்படும். கிடைத்த காணியையோ விற்கமுடியாது; ஈடுவைக்க முடியாது; அனுமதியின்றிப் பிரிக்கவும் முடியாது. நிலத்தைப் பறிகொடுக்காமற் காப்பதற்கென வந்த இவ்விதி, நடைமுறையில் வேறொரு கதவைத் திறந்தது. வங்கி கடன் கொடுக்காது. ஆகவே விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கமக்காரன் முதலாளியின் படலையைத் தட்டினான். காணியை ஈடுவைக்க முடியாதவன் விளைச்சலை ஈடுவைத்தான். பெரும்போகம் அறுத்துச் சூடடித்ததும் நெல் களத்திலிருந்தே வண்டியேறிற்று. பத்திரத்திலே உரிமையாளன், களத்திலே கூலிக்காரன். இந்த இரட்டை நிலைதான் வன்னிக் கமக்காரனின் வரலாறு.

இவ்வரலாற்றிலே அதிகாரியின் பங்கு என்ன என்பதை வெளியிலிருந்து பார்ப்பவன் ஊகிக்கத்தான் முடியும். பத்திரம் எங்கே தாமதமாகிறது, எந்தக் கோவை எந்த மேசையில் உறங்குகிறது, குளக்கட்டுத் திருத்தத்துக்கு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு குளக்கட்டை அடைகிறது என்பதெல்லாம் உள்ளே இருந்தவனுக்கே தெரியும். செங்கை ஆழியான் உள்ளே இருந்தவர். இருந்தும், தம் வர்க்கத்தைக் காப்பாற்றும் பொருட்டு வாய்மூடியிருக்கவில்லை. ஓர் அதிகாரி அதிகாரிகளுக்கு எதிராக எழுதிய நாவல் என்ற வகையில் ‘காட்டாறு’ ஈழத்து இலக்கியத்தில் தனித்துவம் உடையது. கிராமத்தவரின் வறுமையை அவர்களது அறியாமையின் விளைவாகவோ ஊழ்வினையாகவோ காட்டி இரக்கத்தைச் சம்பாதிக்கும் எழுத்துக்கள் மலிந்த சூழலிலே, வறுமை உற்பத்தி செய்யப்படும் பொறியையே திறந்து காட்டியமை சாதாரண காரியமன்று.

ஆயினும் நாவலை மூடிவைத்தபின் என் மனத்திலே தெளிவாக நிற்பவர்கள் யார்? ஊழல் புரியும் அதிகாரி நிற்கிறான்; அவனது பேச்சு, தோரணை, தந்திரம் யாவும் நிற்கின்றன. முதலாளி நிற்கிறான். விவசாயியோ பெரும்பாலும் கூட்டமாகவே நிற்கிறான். அவன் படும் துன்பம் தெரிகிறது. அவன் தனியே இருக்கும்போது என்ன நினைக்கிறான் என்பது அவ்வளவு தெரிவதில்லை. இரவிலே காவற்பரணிற் பன்றிக்குக் காவலிருப்பவனின் மனத்திலே ஓடுவது முதலாளியைப் பற்றிய ஆத்திரம் மட்டுமா? மனுவைக் கையில் வைத்திருப்பவனை மேசையின் இப்பக்கத்திலிருந்து எவ்வளவு பரிவோடு நோக்கினாலும், அவன் மனுதாரனாகவே தோன்றுவான். இது எழுத்தாளனின் நேர்மையீனம் அன்று. அவன் அமர்ந்திருந்த இடத்தின் இயல்பு.

இவ்விடத்து அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை நினையாதிருக்க முடியவில்லை. அதுவும் 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாகவே வந்தது. பாலமனோகரன் முல்லைத்தீவு மண்ணிற் பிறந்தவர். ஆசிரியத் தொழில் பார்த்தவர். தண்ணிமுறிப்பிலே காட்டோடு காடாக வளர்ந்த பதஞ்சலி, அவளது கணவன் கதிராமன், வெளியிலிருந்து வந்து சேரும் சுந்தரலிங்கம் என்ற வாத்தியார் ஆகியோரை வைத்து அவர் புனைந்த அக்கதையிலே காட்டின் மணம் வீசுகிறது என்பார்கள். மணம் மட்டுமன்று, பதஞ்சலி என்ற ஒரு பெண், வேறெவராகவும் இருக்கமுடியாத ஒருத்தி, நம் முன் நடமாடுகிறாள். ‘காட்டாறு’ தரத் தவறிய தனிமனிதரை ‘நிலக்கிளி’ தந்தது. அதனால் எங்களூர் வாசகர் பலர், உள்ளூரான் எழுதியது உயிருள்ளது, வந்தவன் எழுதியது அறிக்கை என்று ஒரே அடியாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நான் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. தண்ணிமுறிப்பின் காட்டினுள்ளே கச்சேரி இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, கடன் கொடுக்கும் முதலாளியின் கை நாவலை நடத்திச் செல்லவில்லை. அங்கே தீங்கு தனிமனிதனின் சபலமாக வருகிறது. மண்ணின் மைந்தன் மண்ணைக் காதலிப்பவன். அந்த மண் யாருடைய கோவையில் எந்த இலக்கத்தின்கீழ் இருக்கிறது என்பதை அவன் பல சமயங்களிற் கேட்பதில்லை. 1984 இறுதியிலே தண்ணிமுறிப்பு உள்ளிட்ட எல்லைக் கிராமங்களின் மக்கள் விரட்டப்பட்டபோது, அந்தக் கேள்வி எவ்வளவு கொடியது என்பது விளங்கிற்று. இரு நாவல்களையும் அடுத்தடுத்து வாசிப்பவனுக்கே வன்னி முழுமையாகத் தோன்றும்.

(வாத்தியார் ஒருவனை வைத்துப் பாலமனோகரன் நடத்திய விசாரணையைப் பற்றி, வாத்தியாராகிய நான் தனியே எழுதவேண்டும். அது இக்கட்டுரைக்கு அடங்காது.)

1978 இல் வந்த ‘யானை’ என்ற குறுநாவலும் வன்னிக் காட்டையே களமாகக் கொண்டது. காதலியை யானைக்குப் பலிகொடுத்தவன் பழிவாங்கும் வெறியோடு அதைத் தேடி அலையும் கதை அது. அது ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டுள்ளது. மனிதனின் மனவுறுதியைப் போற்றும் கதையென்று பாராட்டுகிறார்கள். எனக்கு அதிலே முழு உடன்பாடில்லை. வன்னியானுக்கு யானை பகைவன் அல்லன்; அயலவன். தொல்லைதரும் அயலவன் என்பது உண்மையே. வயலை அழித்தாலும், ஆளைக் கொன்றாலும், அதற்குப் பெயர் சூட்டி, வழிவிட்டு, வெடி கொளுத்தி, வசைபாடி, மறுபோகம் மீண்டும் விதைக்கிறவர்கள் எங்களூரார். பழிவாங்கும் வீரன் என்ற கற்பனை நகரத்து நூலகத்திலிருந்து காட்டுக்கு வந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் காட்டின் வருணனையிலே குறைசொல்ல இடமில்லை. எந்த மரத்தின்கீழ் எந்த மண் இருக்கும் என்பதை அறிந்தவன் எழுதிய காடு அது.

அவருடைய இலக்கிய வரலாற்றுப் பணியிலும் இதே கண்ணே தொழிற்படுகிறது. 2001 இல் வெளிவந்த ‘ஈழத்துச் சிறுகதை வரலாறு’ நூலிலே, சிறுகதையாசிரியர்கள் ஒருவர் விடாமற் காலவரிசையில் நிறுத்தப்படுகின்றனர். மறுமலர்ச்சி, ஈழகேசரி, சுதந்திரன், ஈழநாடு, மல்லிகை ஆகிய ஏடுகளில் வந்த கதைகளைத் தேடித் தொகுத்தார். போரும் கறையானும் தின்றதுபோக எஞ்சிய பழைய தாள்களிலிருந்து அக்கதைகளை மீட்டது பெரும் தொண்டு. அதே வேளையில், பதிவேட்டிலே எல்லாருக்கும் ஒரே அளவு வரி ஒதுக்கும் பதிவாளரின் நீதி, விமரிசனத்துக்குப் பொருந்தாது. பெரிய எழுத்தாளனும் ஒரு கதையோடு ஓய்ந்தவனும் ஒரே வரிசையில் நிற்கும்போது வாசகனுக்குத் தகவல் கிடைக்கிறது; வழி கிடைப்பதில்லை. கைலாசபதியிடம் நாம் கண்ட தராசு இங்கே இல்லை. தராசு இல்லையென்றாலும் சரக்கு இருக்கிறது. தராசைத் தூக்கிக்கொண்டு வெறுங்களஞ்சியத்தில் நிற்பவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

ஆக, அவரது பல துறைகள் பல கண்கள் அல்ல. நிலத்தை அளந்து, நிலத்தின்மேல் நடக்கும் மனிதரை வகைப்படுத்தி, நடந்ததைத் திகதியிட்டு எழுதிவைக்கும் ஒரே கண். அது காற்றையும் கடலையும் கண்டது. எரிந்த கடைகளை எண்ணியது. கோவைக்குள் ஒளிந்திருந்த களவை வெளியே இழுத்தது. மனிதனின் தனிமைக்குள் புகுவதற்கு மட்டும் அதற்குப் பொறுமை போதவில்லை.

தம் பாத்திரங்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதக்கூடியவர்கள் பின்னர் வந்தார்கள். கிளிநொச்சிக் குடியேற்ற வாழ்விலே வேரூன்றிய தாமரைச்செல்வி ‘பச்சை வயல் கனவு’ என்ற நாவலிலே, காடு வெட்டிக் கமஞ் செய்தவர்களின் வீட்டினுள்ளே எம்மை அழைத்துச் செல்கிறார். அடுப்படியும் கிணற்றடியும் அங்கேதான் வன்னி நாவலுக்குள் நுழைகின்றன. ஆயினும் காணிச் சட்டம் பெண்ணை எங்கே நிறுத்திற்று என்பது இன்னும் எழுதப்படாத அத்தியாயம். 2022 இல் திருத்தப்படும்வரை, அனுமதிப்பத்திரக் காணியின் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2009 க்குப் பின் கணவனையும் மகனையும் இழந்து தனித்து நின்ற தாய்மாரும், உரிமை கோரமுடியாத மூத்த மகள்மாரும் கச்சேரி வாசல்களில் ஏறி இறங்கியதை இவ்வூரில் அறியாதார் இல்லை. 1958 இலும் 1977 இலும் கலவரங்களினால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வந்து, பிறர் காணிகளிற் கூலிகளாகவே தலைமுறைகளைக் கழித்தவர்களின் கதையும் போதிய அளவு சொல்லப்படவில்லை. இவ்விடயங்களை எழுதப் புகும் இளைஞன் ‘காட்டாறு’ நாவலை வாசியாமல் தொடங்கக்கூடாது. அதிகாரப் பொறி எவ்வாறு சுழல்கிறது என்பதை அதுபோல் வேறு நூல் அவனுக்குக் கற்பிக்காது.

நூல் கிடைப்பதுதான் கடினம். வன்னிப் பாடசாலை நூலகங்களின் பழைய தொகுதிகள் இடப்பெயர்விலும் இறுதிப் போரிலும் அழிந்தொழிந்தன. இப்போது மாணவர் சிலர் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்திலே அக்காலத்து ஈழத்து நூல்களைக் கைத்தொலைபேசியிற் பெருக்கிப் பெருக்கி வாசிக்கிறார்கள். அச்சேட்டின் மங்கல் எழுத்தைக் கண்ணிடுக்கிப் படித்த மாணவி ஒருத்தி, காணிக் கச்சேரி என்றால் என்ன சேர் என்று கேட்டாள். அவளுடைய தாயார் அதே வாரத்திலே காணிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை போய்வந்திருந்தார்.